இங்கிலீஷ் தெரியாத சீமைநாய்

அழகியநம்பி பிள்ளை வீட்டுக்கு நாய்க்குட்டி காரில் வந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிள்ளைவாளும் இதைத்தான் முதலில் சொன்னார்.

கிழக்கேகோட்டைக்கும் பழவங்காடிக்கும் நடுவே இருக்கும் எங்கள் சந்துக்குள் அதற்கு முன் கார் நுழைந்ததில்லை. அன்றும் நுழையவில்லை; முனையில் முறுக்குக் கடையோடு நின்றுவிட்டது. மீதித் தூரத்தைப் பிள்ளைவாள் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காதவர் போல எல்லாரையும் பார்த்துக்கொண்டு, நடந்தே கடந்தார். வாசலில் நின்ற என்னைக் கண்டதும், "லாங்டன் துரைக்க கார். வீட்டு நடை வரைக்கும் வாறேன்னுதான் டிரைவர் சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பிள்ளைவாள் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் திருவனந்தபுரம் கிளையில் ஹெட் கிளார்க். நாடு குடியரசாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனால் அந்த இடம் வெறுமையாகிவிடுமே என்ற பொறுப்புணர்ச்சி பிள்ளைவாளுக்கு. அதனால் அவர்கள் ஒரு ஆள் குறையக் குறைய, இவர் இங்கிலீஷ் ஒரு பங்கு கூடிக்கொண்டே வந்தது. வேட்டிக்கு மேல் கோட்டு என்பது பழைய வழக்கம். இப்போது டையும் சேர்ந்திருந்தது. மேனேஜர் லாங்டன் துரை ஊருக்குக் கப்பல் ஏறப் போகிறார் என்றதும், அவர் வீட்டு நாய்க்குட்டியை வளர்க்க ஆள் தேடியபோது, ஆபீஸில் முதலில் எழுந்து நின்றவர் இவர்தான். நாய் மேல் பிரியமா என்றால், அதுவரை அவர் தெருநாயைக் குடைக்காம்பால் மட்டுமே அறிந்தவர்.

கூடையைத் திறந்து காட்டினார். உள்ளே படுத்திருந்த ஜீவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நீளம் ஒரு முழம். உயரம் நாலு விரல். சாதாரண நாய்க்கென்று பிசைந்த மண்ணைப் பிரம்மா கைமறதியாக நீளவாக்கில் உருட்டிவிட்டு, கால் வைக்க மண் போதாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிள்ளி ஒட்டியது போல் இருந்தது. காது மட்டும் தாராளம். வயது மூன்று மாதம் இருக்கும். பெயர் டச்சஸ்.

"இங்கிலீஷ் நாய்" என்றார் பிள்ளைவாள். உண்மையில் அது ஜெர்மன் ஜாதி. துரையின் மனைவி, அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் மதாம்மா, அவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லியும் இருந்தாள். பிள்ளைவாள் ஏற்கவில்லை. ஜெர்மனி தோற்றுப்போன தேசம். அங்கிருந்து வந்த நாயை வைத்துக்கொள்வதில் என்ன கௌரவம்?

மதாம்மா நாயைச் சும்மா கொடுத்துவிடவில்லை. ஒரு நிபந்தனை வைத்தாள். "கப்பல் ஏறக் கொச்சிக்குப் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு நான் வருவேன். குட்டி ஒழுங்காகச் சாப்பிட்டு, சந்தோஷமாக இருந்தால் உங்களுக்கு. இல்லையென்றால் பொன்முடி எஸ்டேட்டில் என் சிநேகிதர் இருக்கிறார், அவரிடம் விட்டுவிட்டுப் போகிறேன்" என்றாள். அந்தச் சிநேகிதர் கன்றுக்குட்டி உயரத்தில் வேட்டை நாய்களைக் கூட்டமாக வளர்ப்பவர் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். அந்தக் கூட்டத்தில் இந்த உருட்டுக்கட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும்.

இதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் பிள்ளைவாளின் மனைவி வடிவாம்பாள். கேட்டு முடித்ததும், "சவம், வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சாச்சா? பின்ன இதுக்க மூத்திரத்தையும் நான்தான் அள்ளணும்" என்று சத்தமாகச் சொன்னாள். அது பிள்ளைவாளுக்காகச் சொன்னது. சாயங்காலம் என் மனைவி பிச்சம்மாளிடம் சொன்னது வேறு.

இரண்டு வீட்டு அடுக்களைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரை வரை எட்டாத சுவர். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும். அந்தச் சுவர் வழியாகத்தான் வடிவாம்பாள் சொன்னாள்: "பிச்சம்மா, அது எனக்க காலச் சுத்திக்கிட்டே நிக்கி பாத்துக்க. கண்ணு ரெண்டும் நம்ம சுசீலாவுக்க கண்ணு மாதிரி. எனக்கு அத விட மனசில்லட்டி. ஆனா அவ்வோ காதுல இது விழாண்டாம். நான் ஆசப்படுதேன்னு தெரிஞ்சா, சீமைநாய்க்கு அது கொறச்சல்னு சொல்லிப்போடுவாவோ."

சுசீலாபாய் அவர்களுடைய ஒரே மகள். கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய்விட்டாள். வடிவாம்பாளோ நாஞ்சில் நாட்டில் பதினாறு பேர் இருந்த குடும்பத்தில் பிறந்து, எட்டுப் பேர் பேசும்போது ஒன்பதாவது ஆளாகப் புகுந்து பேசி வளர்ந்தவள். மகள் போனபின் அந்த வீட்டில் தமிழ் என்று கேட்டது மூன்று சொற்கள்தான்: "காப்பி", "குடை", "கதவச் சாத்து". எங்கள் வீட்டுப் பக்கம் சத்தம் வராமல் பிச்சம்மாளே பயந்து போய், "அக்கா இருக்கியளா?" என்று அவ்வப்போது சுவரைத் தட்டிப் பார்த்துக்கொள்வாள்.

பிள்ளைவாள் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"வடிவு, இங்க கேளு. இதுக்குத் தமிழ் தெரியாது. மலையாளமும் தெரியாது. நீ ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா கன்ஃப்யூஷன் ஆயிரும். அதனால என்னத் தவிர இதுகூட ஆரும் பேசப்பிடாது. நீ சாப்பாடு வை, தொடை, பெருக்கு. வாயத் தெறக்காண்டாம்."

"மூச்சாவது விடலாமா?"

"வளவளப்பு வேண்டாம். மதாம்மா வந்து பாக்கப் போறா."

பிள்ளைவாளின் இங்கிலீஷ், துரைமாரோடு பேசிப் பழகிய இங்கிலீஷ். அதில் தயவு உண்டு, விண்ணப்பம் உண்டு, தாழ்மையான கருத்து உண்டு. "வா" என்று கூப்பிடச் சொல் கிடையாது. காலையில் டை கட்டிக்கொண்டு நாய்க்குட்டியின் முன்னால் நின்று, "டச்சஸ், யு ஆர் ரிக்வெஸ்டட் டு கம் ஹியர்" என்பார். குட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வயிறு தரையில் உரச அலமாரிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "சிந்திக்குது" என்பார்.

மதாம்மா கொடுத்தனுப்பிய பிஸ்கோத்து டின்னைத் திறந்து, பாலில் நனைத்து வைத்தார்கள். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முட்டை வாங்கி வந்து அவித்து வைத்தார்கள். அதை மூக்கால் உருட்டி விளையாடியதோடு சரி. சிறுநீர் கழிக்கப் பழக்குவதற்குப் பழைய செய்தித்தாளைப் பரப்ப வேண்டும் என்று யாரோ சொல்லப் போக, பிள்ளைவாள் இங்கிலீஷ் பத்திரிகையாகப் பார்த்துத் தலையங்கம் மேலே தெரியும்படி பரப்பினார். குட்டி தலையங்கத்தைத் தாண்டிப் போய், அவர் ஆபீஸுக்குப் போடும் ஷூவுக்குள் காரியத்தை முடித்தது.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளைவாள் பெருமைப்பட ஒரு விஷயம் கிடைத்தது. அந்த வீட்டின் அடுக்களை நிலைப்படி முழங்கால் உயரம். அந்தக் காலத்துத் தேக்கு. குட்டி அதன் அருகே போகும், முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைக்கும், உள்ளே பார்க்கும், கீழே இறங்கி நின்று முனகும். உள்ளே போகாது. பிள்ளைவாள் அதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தேளா? ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல. அடுக்களைக்குள்ள காலெடுத்து வைக்காது. டிசிப்ளின்! நம்ம ஊரு நாயா இருந்தா இந்நேரம் உறியில தொங்கியிருக்கும். இதுதான் ப்ரீடிங்கு."

நாலு விரல் கால் முழங்கால் படியைத் தாண்டுவது எப்படி என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்த பிறகு அதைக் கெடுக்க ஒரு நாள் தவணை கொடுப்பது என் வழக்கம்.

அந்த ஒரு நாளுக்குள் குட்டியின் விலா எலும்பை எண்ணலாம் என்றாகிவிட்டது. சுவருக்கு அப்பால் வடிவாம்பாள் அழுகிற குரலில் பிச்சம்மாளிடம் சொன்னாள்: "வயத்தக் காயப்போட்டுக்கிட்டு அந்தப் படியில தலைய வச்சுக் கெடக்குட்டி. நான் உள்ள இருக்கேன், அது வெளிய இருக்கு. நான் பாக்கேன், அது பாக்குது. பேசப்பிடாதாம். என்னத்துக்கு இந்தப் பொழப்பு எங்க ரெண்டு பேருக்கும்?"

"அவ்வோ ஆபீஸுக்குப் போயாச்சுல்லா?" என்றாள் பிச்சம்மாள்.

"போயாச்சு."

"பின்ன என்ன? சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒண்ணும் கேக்கல்ல."

பிறகு பலகை இழுபடும் சத்தம். உட்கார்ந்து சாப்பிடும் மணைகள் இரண்டை எடுத்து, படிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக அவள் போட்டாள் என்பதைப் பிச்சம்மாள் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அந்தக் குரல், பல மாதமாக நாங்கள் கேட்காத குரல்:

"ஏட்டி, வா. வா மக்கா. கால இதுல வையி. அடுத்த கால வையி. அம்மாடி, எவ்வளவு நீளம் இருக்கே நீ, தல வந்து ஒரு நாழிக அப்புறமா வால் வருகு! வா, கஞ்சி குடி. அதெல்லாம் குடிப்பே. குடிச்சுப் பாரு. இன்னா, பப்படம்."

கறுக் மொறுக் என்று பப்படம் நொறுங்கும் சத்தம் கேட்டது. அதை வடிவாம்பாள் தின்கிறாளா, குட்டியா என்று எங்களுக்குச் சந்தேகம். அடுத்த நிமிஷம், "ஐயோ, விரலக் கடிக்காதே சவமே, இன்னொண்ணு தாறேன்!" என்று சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம். சந்தேகம் தீர்ந்தது. பிச்சம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். இருவருக்கும் கண் கலங்கியிருந்ததாக அவள் இன்றும் சொல்கிறாள். அவளுக்குக் கலங்கியது உண்மை.

அன்றிலிருந்து பிள்ளைவாளின் குடை சந்து முனையைத் தாண்டியதும் மணைகள் போடப்படும். சாயங்காலம் அந்தக் குடை திரும்ப வருவதற்கு முன் எடுக்கப்படும். அதற்கு இடையில் அந்த அடுக்களையில் நடந்த பேச்சு இருக்கிறதே! தேங்காய் விலையில் ஆரம்பித்து, சுசீலாவின் மாமியாரிடம் போய், நாகர்கோவிலில் ஒரு பழைய பாகப்பிரிவினைச் சண்டையில் இறங்கி, திரும்பத் தேங்காய்க்கு வரும். நடுநடுவே, "நீ என்ன சொல்லுகே? அதானே, நியாயம் அதுதானே?" என்று குட்டியின் அபிப்பிராயமும் கேட்கப்படும். தேங்காய் துருவும் துருவலகுக்குப் பக்கத்தில் ஒரு நார்ப்பெட்டியில் சுசீலாவின் பழைய பாவாடையை விரித்து, அதன் மேல் அது படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மூத்திரத்துக்கு அவள் கண்ட வழி எளியது. கஞ்சி குடித்து முடித்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வாழைக்கடியில் விடுவாள். "போ மக்கா, போய்ட்டு வா." போய்விட்டு வந்துவிடும். தலையங்கம் தப்பித்தது.

குட்டி உருண்டு திரண்டது. தோல் பளபளத்தது. பிள்ளைவாள் ஆபீஸில் அதைப் பற்றி விரிவாகப் பேசினார் என்று கேள்வி. எங்கள் சந்தில் என்னிடமும், மூன்றாவது வீட்டு ரிட்டயர்டு ரிஜிஸ்திரார் குமாஸ்தா சிவதாணுவிடமும் பேசினார்.

"எல்லாம் பாஷைதான் பாருங்கோ. தாய்ப்பாஷையில பேசினா ஜீவராசி தழைக்கும்."

"ரொம்பச் சரி" என்றேன் நான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகு இல்லை.

பிசகு ஒன்றே ஒன்றுதான். குட்டி பிள்ளைவாளிடம் இன்னும் நெருங்கவில்லை. அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அலமாரிக்கடிதான். வடிவாம்பாளுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், சட்டத்தை மீறியதற்காக அவரே குட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். சொல்லாவிட்டால், மதாம்மா முன்னால் அது அலமாரிக்கடியில் கிடந்து தன்னைத் தானே பொன்முடிக்கு அனுப்பிக்கொள்ளும். "ரெண்டு வழியிலயும் போகப் போறது அதுதான் பிச்சம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளைவாளின் முன்னறையில் நாற்காலிகள் போடப்பட்டன. சந்தில் யார் வீட்டுப் பீங்கான் கோப்பை விரிசலில்லாமல் இருக்கிறது என்று பார்த்து இரவல் வாங்கப்பட்டது. நானும் சிவதாணுவும் பார்வையாளர்களாக அழைக்கப்பட்டோம். எங்கள் வேலை, இங்கிலீஷில் நடப்பதைக் கண்டு வியப்பது. வடிவாம்பாளின் வேலை, அடுக்களையிலிருந்து டீயை முன்னறைக் கதவுவரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவது. ஆபீஸ் மனுஷர் வந்தால் அவள் முன்னறைக்கு வந்ததே கிடையாது.

மதாம்மா வந்தாள். மெலிந்த பொம்பளை, வெயிலில் சிவந்த மூக்கு, பழைய தொப்பி. சந்து முழுக்க வாசலில் நின்றது. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "எங்கே அவள்?" என்று கேட்டாள்.

பிள்ளைவாள் டையைச் சரிசெய்துகொண்டார். "டச்சஸ்! யு ஆர் ரிக்வெஸ்டட் டு கம் ஹியர்."

அலமாரிக்கடியில் அசைவில்லை.

"டச்சஸ், கைண்ட்லி அப்ளைஜ்."

சிவதாணு இருமினார். அவர் இருமினால் பழவங்காடிப் பிள்ளையாருக்கே தூக்கிவாரிப் போடும். குட்டி இன்னும் உள்ளே ஒடுங்கியது. மதாம்மா தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு பிஸ்கோத்தை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"ஷி இஸ் அப்ஸர்விங் டிசிப்ளின், மேடம்" என்றார் பிள்ளைவாள்.

மதாம்மா எழுந்து நின்றபோது அவள் முகம் வாடியிருந்தது. பயந்துபோயிருக்கிறது, பாவம், இங்கே அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, உங்கள் பேரில் குற்றமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். குட்டி வந்த கூடையை எடுத்து வரச் சொல்ல முடியுமா, நாளைக்கே பொன்முடிக்கு ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்றாள்.

பிள்ளைவாள் வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷம் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் அவரை நட்டாற்றில் விட்டுவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்ற வடிவாம்பாளுக்கு மதாம்மா சொன்னதில் புரிந்தது ஒரே ஒரு சொல். பொன்முடி.

அவள் வந்தாள். தலைமுடியைக் கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. கையில் ஒரு பப்படம். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே அலமாரி முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, என்னத்துக்குப் பயந்து கெடக்கே? கொள்ளாமே நீ! வந்தவ்வோ ஒன்ன வளத்தவ்வோதானே. இந்த இருமலுக்கா பயம்? அது சிவதாணு அண்ணாச்சி, அவ்வோ ராத்திரி பகலா அப்படித்தான். வா மக்கா. நம்ம வீடுதான். வா."

முதலில் மூக்கு வந்தது. பிறகு காது. அப்புறம் அவள் சொன்னது போல ஒரு நாழிகைக்குப் பின் வால், அதுவும் ஆட்டிய மேனிக்கு. குட்டி அவள் மடியில் ஏறி, முகத்தை நக்கி, பப்படத்தைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னிலையிலும் கறுக் மொறுக்கென்று தின்றது. பிறகு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"என்ன சொல்கிறாள் அவள்?" என்று மதாம்மா பிள்ளைவாளிடம் கேட்டாள்.

பிள்ளைவாள் பதில் சொல்வதற்கு முன் வடிவாம்பாளே பேசினாள், மதாம்மா முகத்தைப் பார்த்து, தமிழிலேயே. "அந்தம்மைட்ட ஒண்ணும் விடாமச் சொல்லுங்கோ. அவ்வோ தந்த பிஸ்கோத்து ஒண்ணயும் இது தின்னல்ல. டின்னோட அப்படியே இருக்கு, திருப்பித் தாறேன். இது கஞ்சி குடிக்கும், பப்படம் தின்னும். பகலெல்லாம் அடுக்களையில எனக்க பக்கத்துலதான் கெடக்கும். உங்களுக்க இங்கிலீஷக் கேட்டா இதுக்குப் பயம். நான் தமிழ்லதான் பேசினேன். பேசப்பிடாதுன்னு நீங்க சொல்லியும் பேசினேன். தப்புன்னா அது எனக்க தப்பு. இதக் கொண்டு போகாண்டாம்னு சொல்லுங்கோ. எனக்கு இதுகூடப் பேசிப் பேசித்தான் உசிரு திரும்பி வந்திருக்கு."

ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸில் பிள்ளைவாளுக்கு நிஜமாகவே ஒரு பெயர் உண்டு. கயிறு வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் துரையிடம் முறையிட வரும்போது, தமிழிலும் மலையாளத்திலும் அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது அவர்தான். ஒரு சொல்லைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். வைதால்கூட வசவை அப்படியே சொல்லிவிடுவார் என்பார்கள். அதெல்லாம் அடுத்தவர் வசவு. இது அவர் மேலேயே விழுந்தது. மதாம்மாவுக்குத் தமிழ் தெரியாது. வடிவாம்பாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "நான் சொல்லிக் கொடுத்த முறைப்படி என் மனைவி பராமரித்து வருகிறாள்" என்று சொன்னாலும் குட்டி அந்த வீட்டிலேயே தங்கிவிடும். கௌரவமும் தங்கும். எனக்கும் சிவதாணுவுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். எங்கள் வாயை அடைக்க ஒரு டீ போதும்.

பிள்ளைவாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு கையால் குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டே, கண் இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். பிஸ்கோத்தைச் சொன்னார். கஞ்சியைச் சொன்னார். பப்படத்துக்கு இங்கிலீஷில் சொல் கிடைக்காமல் பப்படம் என்றே சொன்னார். அடுக்களையைச் சொன்னார். பிறகு ஒரு நிமிஷம் நின்றார்.

"மை வைஃப் ஸேஸ், மேடம், த டாக் இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் மை இங்கிலீஷ்."

சிவதாணுவுக்குக்கூட இருமல் நின்றுவிட்டது. பிள்ளைவாள் நிறுத்தவில்லை. பேசக்கூடாதென்று தான் தடுத்ததையும், மீறி அவள் பேசியதையும், கடைசியாக அந்த உயிர் திரும்பி வந்த விஷயத்தையும் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மதாம்மாவைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அந்தத் தகவல் அவருக்கே அப்போதுதான் கிடைத்திருந்தது.

மதாம்மா முதலில் சிரித்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் தரையில், வடிவாம்பாளுக்கு எதிரே சம்மணம் போட முயன்று முடியாமல் காலை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்தாள். "மிஸ்டர் பிள்ளை, நானே இவளோடு இங்கிலீஷ் பேசியது கிடையாது" என்றாள். குட்டி பிறந்தது பங்களாவின் பின்கட்டிலாம். சமையல்காரன் நேசமணியின் பிள்ளைகள்தான் இரண்டு மாதமாகத் தூக்கித் திரிந்தார்களாம். அவர்கள் என்ன கொடுத்தார்கள், என்ன பேசினார்கள் என்று தனக்குத் தெரியாதாம். டச்சஸ் என்ற பெயர்கூடக் கழுத்துப்பட்டையில் எழுதுவதற்காக வைத்ததுதானாம்.

பிள்ளைவாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அதையும் மனைவிக்குத் தமிழில் சொன்னார். அதிலும் ஒன்றும் விடவில்லை.

மதாம்மா வடிவாம்பாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கப்பலைப் பற்றி ஏதோ சொன்னாள். இந்தக் குட்டியை நினைத்துத் தூக்கம் வராமல் இருந்தது, இனிமேல் நிம்மதியாகப் போவேன் என்றாள். எழுந்திருக்கும்போது, இருபது வருஷத்தில் தனக்குத் தெரிந்த ஒரே மலையாளத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: "வளரெ நன்னி." வடிவாம்பாள், "நானில்லா நன்னி சொல்லணும்!" என்று தமிழும் மலையாளமுமாகச் சொல்லிக் கும்பிட்டாள். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கூடை இல்லாமலே கார் போயிற்று.

சந்து கலைந்தது. நானும் வீட்டுக்கு வந்து பிச்சம்மாளிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, சுவரைக் காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைவாளின் குரல். அடுக்களைக்குள்ளிருந்து. அந்த அறையில் அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

"இங்கதான் கெடக்குமா?"

"ம்."

"நான் ஏசப் போறேன்னு நெனச்சு நிக்கியா?"

"ஏசுங்கோ. இப்பம் எனக்கு ஒண்ணும் தோணாது. நீங்க விட்டுட்டுச் சொல்லிருவேளோன்னுதான் எனக்குப் பயம். சொல்லிட்டேளே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா உங்க மொகத்தப் பாத்தே புரிஞ்சுது, எந்த எடத்துல நின்னேள்னு. அதயும் விழுங்காமச் சொன்னேளே." ஒரு மூக்குறிஞ்சல். "பெரிய உபகாரம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உபகாரம் ஆரு ஆருக்குச் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "நான் வாக்குக் குடுத்துட்டு வந்தேன். நீதான் காப்பாத்தினே. வீட்டுல ஒரு உசிரு பட்டினி கெடந்துது, எனக்குத் தெரியல்ல." இன்னும் கொஞ்சம் தாமதித்து, "ரெண்டு உசிரு" என்றார்.

பிச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுகிட்டப் பகலெல்லாம் என்னதான் பேசுவே?"

"என்னத்த? எல்லாந்தான். பால்காரனுக்க காரியம், சுசீலாவுக்க காரியம், உங்க காரியம்."

"எனக்க காரியமா? என்ன சொன்னே?"

"அதெல்லாம் சொல்லியாச்சு. இதுவும் ஒருக்கக்கூட எந்திரிச்சுப் போகாம இருந்து கேட்டுது."

டையை அவிழ்த்து எங்கேயோ போடும் சத்தம். பிறகு தரையில் ஒரு கனத்த ஆள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சத்தம். குட்டி ஒரு தடவை குரைத்தது. பிறகு சும்மா இருந்தது.

"சரி" என்றார் பிள்ளைவாள். "நானும் எந்திரிச்சுப் போகமாட்டேன். சொல்லு."

வடிவாம்பாள் பால்காரனிலிருந்து ஆரம்பித்தாள்.